விலை கொடுத்த அச்சம், விலைக்கு வராத காற்று

அச்சம் தருவதைக் கண்டு விலகுவது உயிர்களின் இயல்பு. அப்படியிருக்க, நுழைவுச்சீட்டு வாங்கி, நீண்ட வரிசையில் நின்று, இருநூறு அடி உயரத்திலிருந்து கீழே பாயும் ரோலர் கோஸ்டர் வண்டியில் தாமாகவே ஏறி அமர்ந்து அச்சத்தைத் தேடிப் பெறும் மனிதரின் வழக்கத்தை உளவியலுக்கு மட்டும் உரிய புதிராக விட்டுவிட முடியாது; சமயத் தத்துவமும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று அதற்குள் இருக்கிறது. தன்னைக் காக்கும் என்று எண்ணும் ஒன்றிடம் உடலை முழுவதுமாக ஒப்படைத்து, நடுவழியில் இறங்கிக்கொள்ள இயலாத பயணத்துக்குச் சம்மதிப்பவரின் நம்பிக்கை எத்தகையது? பக்தர் இறைவனிடம் வைக்கும் நம்பிக்கையோடு அதற்கு உறவு உண்டா, அல்லது புறத்தோற்றத்தில் மட்டும் அதை ஒத்திருக்கும் வேறொரு மனநிலையா? வானம் தெளிந்த நாளில் இந்தக் கேள்வி எழுவதில்லை, ஏனெனில் எல்லாம் ஒழுங்காக ஓடும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். காற்றும் மழையும் குறுக்கிடும் நாளில்தான் அவை தனித்தனியே பிரிந்து தெரிகின்றன.

தேடிப் பெறும் அச்சத்தை முறையாக ஆராய்ந்தவர்களுள் ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலின்ட் குறிப்பிடத்தக்கவர். 1959-இல் வெளியான தம் நூலில் அவர் கேளிக்கைச் சந்தைகளையும் அங்குள்ள ராட்டினங்களையும் எடுத்துக்கொண்டு, அச்சம் இன்பமாக மாறுவதற்கு மூன்று கூறுகள் ஒருங்கே அமைய வேண்டும் என்று காட்டினார்: புறத்தே ஓர் ஆபத்து இருப்பதை உணர்ந்த அச்சம் வேண்டும், அந்த ஆபத்துக்குத் தன்னைத் தானே விரும்பி உட்படுத்திக்கொள்ள வேண்டும், அச்சத்தைத் தாங்கிவிடலாம், ஆபத்து கடந்துவிடும், பாதுகாப்பான நிலைக்குத் தீங்கின்றித் திரும்பிவிடலாம் என்ற உறுதியான எதிர்பார்ப்பும் வேண்டும். இவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதும் பழைய சிந்தனையாளர்கள் அச்சத்தைப் பற்றிப் பேசியபோது அவர்களுடைய கவனத்துக்கு வந்தவையாகத் தெரியவில்லை. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் முறையை மெய்ப்பாடு என்று பெயரிட்டு வகுக்கும் தொல்காப்பியம், அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கைச் சொல்கிறது. அணங்கு என்பது வருத்தும் தெய்வ ஆற்றல், இறை என்பது தன்மேல் அதிகாரம் உடைய தலைவன். இந்நான்கும் அஞ்சுபவரைத் தேடி வருபவை. அஞ்சுபவர் இவற்றைத் தேடிப் போவதில்லை, இவற்றிலிருந்து மீள்வதற்கு உத்தரவாதம் எதுவும் முன்கூட்டியே தரப்படுவதும் இல்லை.

மீட்சிக்கு உத்தரவாதம் உள்ள அச்சத்தின் தத்துவ மதிப்பை விரிவாக எழுதியவர் இமானுவேல் கான்ட். 1790-இல் வெளிவந்த, தீர்ப்புத்திறனை ஆராயும் நூலில், பேராற்றல் ஒன்றின் முன் மனம் முதலில் சிறுத்து, பின்னர் அந்த ஆற்றலால் அழிக்க முடியாத ஓர் உயர்வு தன்னிடம் இருப்பதை உணர்ந்து நிமிரும் அனுபவத்தை அவர் விளக்குகிறார். இடிமேகமும் எரிமலையும் சூறைக்காற்றும் கொந்தளிக்கும் கடலும் அதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டுகள். ஆனால் இவற்றைக் காண்பவர் பாதுகாப்பான இடத்தில் நின்றாக வேண்டும் என்பது கான்ட் விதிக்கும் நிபந்தனை. உயிருக்கே அஞ்சி நடுங்குபவர் எதையும் வியக்க இயலாது. இதே வாதத்தைத் தொடர்ந்து சமயத்துக்கும் கொண்டுசென்று, இறைவனின் முன் வெறும் திகிலால் மண்டியிடுபவரின் மனம் இறைமையின் பெருமையை அறியும் நிலையில் இல்லை என்றும் அவர் முடிவு கட்டுகிறார். கான்ட்டின் அளவுகோலைக் கொண்டு பார்த்தால், தடுப்புக் கம்பிக்குள் அமர்ந்திருக்கும் பயணி சமய அச்சத்துக்குத் தகுதி பெற்றவராகவே ஆகிவிடுவார் என்பது வியப்பான விளைவு.

இந்த இடத்தில் கான்ட்டை அப்படியே ஏற்பது கடினம். ஜெர்மானிய இறையியலாளர் ருடோல்ஃப் ஓட்டோ 1917-இல் வெளியிட்ட புனிதம் பற்றிய நூலில், இறை அனுபவத்தின் உட்கூறுகளாக இரண்டைப் பிரித்தார்: ஒன்று உடலையே நடுங்கவைக்கும் அச்சம், மற்றொன்று அந்த நடுக்கத்துக்கு நடுவிலும் மனிதரைத் தன்பால் இழுக்கும் கவர்ச்சி. அஞ்சியும் நெருங்குவது என்ற இந்த இரட்டைத்தன்மை ரோலர் கோஸ்டர் வரிசையில் நிற்பவரிடமும் காணப்படுகிறது என்பதை மறுக்க முடியாது. என்றாலும் ஓட்டோ விளக்கிய அச்சத்துக்குக் கான்ட் கோரும் பாதுகாப்பான இடம் கிடையாது. பகவத்கீதையின் பதினோராம் அத்தியாயம் இதற்குச் சரியான சான்று. அர்ஜுனன் தானே விரும்பிக் கேட்டுத்தான் விசுவரூபத்தைக் காண்கிறான். ஆகவே பாலின்ட் சொன்ன இரண்டாவது கூறு அங்கே உண்டு. கண்ட பின்னர், உலகங்களையும் வீரர்களையும் விழுங்கும் வாய்களின் முன் நடுநடுங்கி, பழைய இனிய உருவத்தைக் காட்டும்படி இறைஞ்சுகிறான். அந்த உருவம் மீண்டும் காட்டப்பட்டது அருளினால். கேட்கும்போதே அவன் பெற்றிருந்த உரிமையினால் வந்ததன்று. விரும்பித் தேடிய அச்சமாயினும் மீட்சி உறுதியற்றதாக இருந்தது என்பதே அவனுக்கும் கேளிக்கைப் பூங்காவின் பயணிக்கும் உள்ள தொலைவு.

அந்தத் தொலைவைச் சரியாக அளக்க, பயணிக்குத் தரப்படும் உத்தரவாதம் எதனால் ஆனது என்பதைப் பார்க்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு ரஷ்யாவில் மரச்சட்டங்களின்மேல் நீரூற்றி உறையவைத்த பனிச்சரிவுகளில் மக்கள் சறுக்கி விளையாடியதும், 1817-இல் பாரிஸ் நகரில் சக்கரம் பூட்டிய வண்டிகள் ஓடத் தொடங்கியதும் இந்த விளையாட்டின் முன்வரலாறு. 1884-இல் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்க்கஸ் தாம்ப்சன் அமைத்த வண்டி மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வேகத்தில்தான் சென்றது. கட்டணம் 5 சென்ட். மதுக்கடைகளுக்கும் ஒழுக்கம் கெட்ட கேளிக்கைகளுக்கும் மாற்றாக மக்களுக்குத் தூய்மையான பொழுதுபோக்கு ஒன்றைத் தர வேண்டும் என்ற சமயப் பற்றுள்ள நோக்கம் அவருக்கு இருந்ததாகச் சொல்லப்படுகிறது. அச்சத்தை விற்கும் தொழிலின் தொடக்கத்திலேயே மனிதரைத் திருத்தும் ஆசை கலந்திருந்தது கவனிக்கத்தக்கது. ஆனால் உண்மையான திருப்பம் 1919-இல் ஜான் மில்லர் காப்புரிமை பெற்ற ஒரு சிறிய பொருளால் வந்தது. தண்டவாளத்தின் மேலே உருளும் சக்கரங்களோடு, அதன் அடிப்பக்கத்தைப் பற்றியபடி உருளும் இன்னொரு சக்கரத்தையும் அவர் சேர்த்தார். வண்டி மேட்டின் உச்சியைக் கடக்கும் வேகத்தில் மேலே எழ முயன்றாலும் இந்த அடிச்சக்கரம் அதைத் தண்டவாளத்தோடு பிணைத்து வைக்கிறது. அதன் பின்னரே செங்குத்தான சரிவுகளும் தலைகீழ் வளையங்களும் அச்சமின்றி வடிவமைக்கக்கூடியவை ஆயின. அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கு அந்த அடிச்சக்கரம் படுவதே இல்லை.

அந்தச் சக்கரத்தாலும் வெல்ல முடியாதது ஒன்று உண்டு. பெரும்பாலான ரோலர் கோஸ்டர்களில் முதல் மேட்டுக்கு மேல் வண்டியைச் சங்கிலி இழுத்துச் செல்லும் வரையில்தான் மின்மோட்டார் வேலை செய்கிறது. உச்சியில் சங்கிலி விடுவித்த கணத்திலிருந்து நிலையத்துக்குத் திரும்பும் வரை வண்டியைச் செலுத்துவது, உயரத்தில் அது சேர்த்து வைத்த ஆற்றல் மட்டுமே. ஒவ்வொரு மேடும் அந்த ஆற்றலில் ஒரு பங்கைத் தின்கிறது. எதிர்க்காற்று பலமாக வீசினால் இழப்பு கூடுகிறது. கடுங்குளிரில் அச்சுகளின் மசகு கெட்டிப்பட்டாலும் வண்டியின் வேகம் குறைகிறது. அடுத்த மேட்டை ஏறும் அளவுக்கு ஆற்றல் மிஞ்சவில்லை என்றால் வண்டி பின்னோக்கி உருண்டு, இரண்டு மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் முன்னும் பின்னும் ஆடி நின்றுபோகும். மழை நனைத்த உராய்வுப் பிரேக்குகளின் பிடியும் குறையும். மின்னல் நாளில் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான உலோகக் கட்டுமானம் அதுவாகத்தான் இருக்கும். ஆகவே வானிலை என்பது இங்கே பின்னணிக் காட்சியாக நிற்பதில்லை. பொறியாளர் எழுதிய கணக்குக்குள் அவருடைய அனுமதி இல்லாமலேயே புகும் எண்ணாக அது இருக்கிறது.

வடமேற்கு இங்கிலாந்தில், ஐரிஷ் கடலின் கரையிலுள்ள பிளாக்பூலில் இதைக் கண்கூடாகக் காணலாம். 1896-இல் தொடங்கிய அவ்வூரின் கேளிக்கைப் பூங்காவில் 1994-இல் திறக்கப்பட்ட ‘பிக் ஒன்’, அப்போது உலகிலேயே உயரமானதாக, 213 அடி உயரத்தில் கடற்கரைச் சாலையை ஒட்டியே எழுப்பப்பட்டது. மேற்கிலிருந்து வரும் கடற்காற்றைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. மழை தூறும் நாளில் நிலையத்துக்குள் வண்டி வந்து நின்றதும், இருக்கையில் தேங்கிய நீரில் பயணிகள் முகம் சுளித்தபடி அமர்கிறார்கள். மழைக்கோட்டின் கைகளிலிருந்து நீர் சொட்ட ஊழியர் ஒருவர் பெட்டி பெட்டியாக நடந்து, மடிமேல் இறங்கிப் பூட்டிய கம்பி ஒவ்வொன்றையும் மேல்நோக்கி இழுத்துப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார். சங்கிலி பிடித்ததும், வண்டி பின்னோக்கிச் சரியாமல் தடுக்கும் கொக்கி பல்லுக்குப் பல் விழும் ஓசை சீராகக் கேட்கத் தொடங்குகிறது. மேலே ஏற ஏறக் காற்று ஒருபக்கமாகத் தள்ளுகிறது. கடல் நரைத்துத் தெரிகிறது. பேசுவது அடுத்த இருக்கைக்குக் கேட்பதில்லை. உச்சியைக் கடந்து மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகத்தில் விழும்போது மழை மேலிருந்து வருவதாகவே தோன்றாது. பெரிய மழைத்துளிகூட மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டியே விழும் என்பதால், அதைப்போல் நான்கு மடங்கு வேகத்தில் செல்பவருக்குத் துளிகள் நேர் எதிரிலிருந்து வந்து நெற்றியிலும் இமையிலும் சுளீரென்று அறைகின்றன. கண்ணைத் திறந்து வைத்திருக்க முடிவதில்லை. அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்பது உடலுக்கு மட்டும்தான் தெரிகிறது.

இந்தக் கணத்தில் பயணிகள் இருவகையாகப் பிரிகிறார்கள். சிலர் கம்பியை முழுவலிமையோடு பற்றிக்கொள்கிறார்கள். சிலர் இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திவிடுகிறார்கள். வைணவ மரபை அறிந்த எவருக்கும் இது ஒரு பழைய விவாதத்தை நினைவூட்டாமல் போகாது. இராமானுசருக்குப் பின் வந்த ஸ்ரீவைஷ்ணவர்கள், உயிர் தன்னை இறைவனிடம் ஒப்படைக்கும் சரணாகதியை, அதாவது பிரபத்தியை, இருவிதமாக விளக்கினர். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்வதைப்போல் உயிரின் பங்காகச் சிறு முயற்சியேனும் வேண்டும் என்பது வேதாந்த தேசிகரைத் தலைமையாகக் கொண்ட வடகலையாரின் கொள்கை; பூனைக்குட்டி ஒன்றும் செய்யாமல் இருக்கத் தாயே அதைக் கவ்விச் செல்வதைப்போல் காப்பது முழுக்க இறைவனின் செயல் என்பது பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையாரின் கொள்கை. முன்னதை மர்க்கட நியாயம் என்றும் பின்னதை மார்ஜால நியாயம் என்றும் சொல்வர். புனிதத்தின் அச்சத்தைப் பற்றி எழுதிய அதே ஓட்டோ, 1930-இல் இந்தியாவின் அருள்நெறியையும் கிறித்தவத்தையும் ஒப்பிட்டு எழுதிய நூலில் இந்தக் குரங்கு, பூனை விவாதத்தையும் எடுத்து ஆராய்ந்தார் என்பதால், அச்சத்தையும் அருளையும் சேர்த்துப் பேசுவது வலிந்து செய்யும் இணைப்பு ஆகாது.

கம்பியைப் பற்றிய கைகளுக்கு வண்டியில் எந்த வேலையும் இல்லை என்பதே இங்கே கவனிக்க வேண்டிய உண்மை. மேட்டின் உச்சியில் உடல் இருக்கையை விட்டு எழும்போது அதைத் தடுப்பது மடிமேல் பூட்டிய கம்பி. வண்டியைத் தண்டவாளத்தோடு பிணைப்பது மில்லரின் அடிச்சக்கரம். கை இறுகினாலும் தளர்ந்தாலும் காப்பில் மாற்றமில்லை. இறுகிய கைக்குத் தோள்வலிதான் மிச்சம். இதைக் கொண்டு பூனைக்குட்டிக் கட்சியே வென்றது என்று சொல்லத் தோன்றும். ஆனால் வடகலை ஆசாரியர்கள் குட்டியின் பிடிதான் அதைக் காக்கிறது என்று ஒருபோதும் வாதிட்டதில்லை. கிளைக்குக் கிளை தாவுவது தாய்தான். உயிரின் முயற்சியை அவர்கள் வியாஜம் என்றனர். அருள் பாய்வதற்கு ஒரு சாக்கு, அவ்வளவே. நிலையத்தில் அமர்ந்த பயணி கம்பியைத் தன் மடிமேல் தானே இழுத்துக்கொள்கிறார். பூட்டும் வலிமை பூட்டில்தான் இருக்கிறது, இழுத்த கையில் இல்லை; எனினும் அந்த இழுப்பு நிகழாமல் வண்டி புறப்படுவதில்லை. உடலைக் கொண்டு இதை ஒருமுறை அறிந்தவருக்கு வியாஜம் என்ற கருத்து ஏட்டில் படித்ததைக் காட்டிலும் தெளிவாகப் புரியும் என்று கருத இடமுண்டு. பொழுதுபோக்கு என்று தள்ளிவிடக் கூடாத அறிவு அது.

இருந்தும் கைகளை உயர்த்தியவரைச் சரணாகதி அடைந்தவர் என்று சொல்லிவிட முடியாது. பிரபத்திக்கு அங்கங்களாக ஆசாரியர்கள் வகுத்தவற்றுள் இரண்டை இங்கே எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மகாவிசுவாசம், இறைவன் காத்தே தீர்வான் என்ற அசையாத நம்பிக்கை. மற்றொன்று கார்ப்பண்யம், தன்னிடம் வேறு வழியோ தகுதியோ உரிமையோ இல்லை என்ற உணர்வு. பயணியிடம் முதலாவதின் சாயல் நிறையவே இருக்கிறது. இரண்டாவது சிறிதும் இல்லை. அவர் சீட்டு வாங்கியவர். கட்டணத்துக்கு ஈடாக அச்சத்தையும் பாதுகாப்பையும் சேர்த்துப் பெற உரிமை கொண்டவர். உரிமையாகப் பெறுவது எதுவும் அருள் ஆகாது என்பதில் வடகலைக்கும் தென்கலைக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

ஆகவே சமயத்தின் சாயலைத் தேடுபவர் வண்டி விழும் கணத்தில் தேடுவது வீண். அது இருப்பது வண்டி மூடப்படும் நேரத்தில். காற்று வரம்பை மீறியதும் வாயிலில் சங்கிலி போடப்படுகிறது. வரிசை கலைவதா நிற்பதா என்று தெரியாமல் மக்கள் கூரைக்குக் கீழே ஒதுங்குகிறார்கள். எப்போது திறக்கும் என்று கேட்பவருக்கு ஊழியர் தரக்கூடிய நேர்மையான பதில், காற்று தணிந்த பிறகு என்பது மட்டுமே. தொலைவிலிருந்து பயணம் செய்து வந்த குடும்பங்கள், விடுமுறையில் இந்த ஒரு நாளை மட்டுமே ஒதுக்க முடிந்தவர்கள், உயரம் போதாமல் சென்ற ஆண்டு திருப்பி அனுப்பப்பட்டு இந்த ஆண்டுக்காகக் காத்திருந்த சிறுவர்கள் ஆகிய எல்லோருடைய விருப்பமும் கட்டணமும் அங்கே செல்லாக்காசாகின்றன. கடலிலிருந்து வரும் காற்றோடு யாரும் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை. மகிழ்ச்சி தனக்குச் சேர வேண்டிய பாக்கி என்ற எண்ணம் தளர்ந்து, நடந்தால் நடக்கும் என்ற மனநிலை வந்துசேரும்போது, அதில் கார்ப்பண்யத்தின் மெல்லிய சாயல் படிகிறது. பிற்பகலில் வானம் சற்றே வெளுத்து, வண்டி மீண்டும் ஓடும் என்று அறிவிக்கப்படும்போது கூட்டத்தில் எழும் ஆரவாரம், காலையில் சீட்டைக் காட்டி நுழைந்தபோது இருந்த மகிழ்ச்சியிலிருந்து தன்மையிலேயே வேறுபட்டது. காலையில் அவர்கள் வாங்கியதைப் பெற்றார்கள்; பிற்பகலில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது.

கொடுத்தது யார் என்ற கேள்வியை இங்கே தவறாகப் புரிந்துகொண்டால் விளைவு கொடியதாகும். 2015 ஜூன் 2-ஆம் நாள் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் உள்ள ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் நடந்த விபத்தை இந்த நோக்கில் ஆராய்வது அவசியம். 14 முறை தலைகீழாகச் சுழலும் சாதனையோடு 2013-இல் திறக்கப்பட்ட ‘ஸ்மைலர்’ என்ற ரோலர் கோஸ்டர் அன்று பலத்த காற்றில் ஓடிக்கொண்டிருந்தது. காற்று மணிக்கு 45 மைல், அதாவது ஏறத்தாழ 72 கிலோமீட்டர் வேகத்தில் வீசியதாகவும், தயாரிப்பாளர் வகுத்த வரம்பு 34 மைல், அதாவது 55 கிலோமீட்டர் மட்டுமே என்றும் பின்னர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. சோதனைக்காக ஆளில்லாமல் அனுப்பப்பட்ட வண்டி ஒன்று மேட்டை ஏற முடியாமல் பள்ளத்தில் நின்றுபோனது. இத்தகைய தண்டவாளங்கள் ரயில் பாதைகளைப் போலவே பிளாக் எனப்படும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் வண்டி இருக்கும்வரை அடுத்த வண்டியைக் கணினி உள்ளே விடாது. அன்றும் கணினி தன் வேலையைச் சரியாகவே செய்து, 16 பேர் அமர்ந்திருந்த வண்டியை நிறுத்தியது. தண்டவாளத்தில் எத்தனை வண்டிகள் உள்ளன என்பதை அறியாத பொறியாளர்கள், கணினி பிழையாக நிறுத்திவிட்டது என்று எண்ணி, அதன் தடையை மீறி வண்டியை அனுப்பினார்கள். மோதலில் ஐந்து பேர் கடுமையாகக் காயமுற்றனர். இரண்டு இளம்பெண்கள் தலா ஒரு காலை இழந்தனர். உயரத்தில் சாய்ந்து கிடந்த வண்டியிலிருந்து அவர்களை மீட்கப் பல மணி நேரம் ஆயிற்று. 2016 செப்டம்பரில் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. பாதுகாப்பு தொடர்பான முடிவுகளை யார், எந்த முறையில் எடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு இல்லாமையே மூலகாரணம் என்பதை விசாரணை நிறுவியது.

அந்த 16 பேரும் கம்பியைப் பற்றினார்களா, கைகளை உயர்த்தினார்களா என்பது பொருட்டே இல்லாமல் போனது. அவர்களைத் தாங்கியிருந்தது காற்றையும் கணக்கையும் கடந்த ஒரு தாய் இல்லை. களைப்பும் அவசரமும் தவறான எண்ணிக்கையும் நேரக்கூடிய மனிதர்கள். இறைவனிடம் சரணடைபவர், காப்பவன் எதற்கும் கட்டுப்பட்டவன் அல்லன் என்று நம்புகிறார். பயணியைக் காப்பவரோ பயணியைப் போலவே வானிலைக்குக் கட்டுப்பட்டவர். ஆகவே இவரிடம் வைக்கத்தக்க நம்பிக்கை கேள்வி கேட்கும் நம்பிக்கையாகவே இருந்தாக வேண்டும். ஆய்வுச் சான்றையும் காற்றுமானியையும் சட்டத்தையும் கோரும் நம்பிக்கையாகவே இருந்தாக வேண்டும். மழையில் நனைந்தபடி வாயிலில் சங்கிலியைப் போட்டு, நூறு பேரின் கோபத்தைத் தாங்கி நிற்கும் ஊழியர், மக்களுக்கு மகிழ்ச்சியை மறுப்பவராகத் தோன்றினாலும், அந்த நாளில் அங்கே நடக்கும் செயல்களிலேயே மிகுந்த மதிப்புக்குரியதைச் செய்பவர் அவர்தான். ‘ஸ்மைலர்’ 2016 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டபோது மக்கள் அதில் ஏறினார்கள் என்பதை மறதி என்றோ துணிச்சல் என்றோ சொல்வது பொருந்தாது. தவறு ஆராயப்பட்டதனாலும் மாற்றங்கள் செய்யப்பட்டதனாலும் அந்த நம்பிக்கை பழுது பார்க்கப்பட்டிருந்தது. மனிதரிடம் வைக்கும் நம்பிக்கைக்கு மட்டுமே இப்படிப் பழுது பார்க்கும் வழி இருக்கிறது.

இவ்வளவு தெளிவாகக் கோடு கிழித்த பின்னரும், யோபுவின் கதை அந்தக் கோட்டை இடறுகிறது. எபிரேய மறைநூலில் தன் பிள்ளைகளைப் பெருங்காற்றில் வீடு இடிந்து இழந்த யோபு, இறைவன் தன் வழக்கைக் கேட்டுப் பதில் சொல்லியாக வேண்டும் என்று, ஒரு விசாரணையைக் கோருவதைப்போலவே கோருகிறார். அவருடைய நண்பர்கள் அப்படிக் கேட்பதே பக்திக்கு விரோதம் என்று வாதாடி, நடந்ததற்கெல்லாம் இறைவன் சார்பில் நியாயம் கற்பிக்கிறார்கள். இறுதியில் இறைவன் சூறைக்காற்றின் நடுவிலிருந்தே பேசுகிறார். கேட்ட கேள்விக்குப் பதில் அதில் இல்லை. கடலுக்கு எல்லை வகுத்ததும் மழைக்கு வழி அமைத்ததும் யார் என்ற எதிர்க்கேள்விகளே வருகின்றன. ஆனால் கதையின் முடிவில், தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியது யோபுதான் என்றும் நியாயம் கற்பித்த நண்பர்கள் சரியாகப் பேசவில்லை என்றும் அதே இறைவன் தீர்ப்பளிக்கிறார். சரணாகதிக்குள்ளும் விசாரணைக்கு இடம் உண்டு என்று இதைக் கொண்டால், மனிதரிடம் மட்டுமே கேள்வி கேட்கலாம், இறைவனிடம் கூடாது என்ற எளிய பாகுபாடு நிற்காது. கொள்ளாவிட்டால், கேள்வி கேட்ட யோபுவை இறைவன் ஏன் மெச்சினார் என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டும். குரங்குக்குட்டியையும் பூனைக்குட்டியையும் பேசிய ஆசாரியர்கள், தாய் தாவும்போது ஏன் இந்தக் கிளை என்று கேட்கும் குட்டியைப் பற்றி எழுத நேர்ந்திருந்தால், எந்தக் கலையார் அதற்கு முதலில் இடம் கொடுத்திருப்பார்கள் என்பது தீராத கேள்வி.